சகலை விட்ட ஒரு சொட்டு எண்ணெய்

என் மனைவி எங்கே போனாலும் மாட்டிக்கொண்டு போன தோல்பை, அவளுடைய அக்கா கணவர், அதாவது என் சகலை, தைத்துக் கொடுத்தது. வளைகுடாவில் ஏசி மெக்கானிக்காக இருந்துவிட்டு வலங்கைமானுக்குத் திரும்பியவர், பொழுது போகாமல் வீடியோ பார்த்துத் தோல்வேலை பழகினார். பொழுது போகாதவர்கள் சீட்டாடுவார்கள், இல்லையென்றால் டீக்கடையில் அரசியல் பேசுவார்கள். இவருக்கு எதைத் தொட்டாலும் வந்து தொலைக்கும். மாமியார் வீட்டில் முதல் இலை அவருக்குத்தான். மூத்த மாப்பிள்ளை, அது முறை. முறை தெரிந்தவன் என்பதால் நான் வாய் திறந்ததில்லை. ஆனால் என் மனைவியின் தோளில் அவருடைய கைவேலை தொங்குவதற்கு எந்த முறையிலும் இடமில்லை.

தை மாதம் கீழ்வேளூரில் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வந்தது. அதற்குச் சில வாரங்கள் முன்பு பையின் வார் அறுந்தது. எனக்குப் பொங்கலே வந்துவிட்டதுபோல் இருந்தது.

"அத்தான்கிட்ட குடுத்தா உக்காந்த இடத்துல தச்சுடுவாரு," என்றாள் மனைவி.

"அவரை ஏன் தொந்தரவு பண்ணணும்? புதுசாவே ஒண்ணு நான் தச்சுத் தரேன். கல்யாணத்துக்கு அதை மாட்டிக்கிட்டு வா."

"நீங்களா? உங்க சட்டைக்குப் பட்டன் யாரு தைக்கிறா?"

தஞ்சாவூரில் நாகை ரோட்டில் கார், டிராக்டர் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பாய் ஒருவர், புதிய மெஷின் வாங்கியதால் பழையதை விற்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். வீட்டுத் தையல் மெஷின் துணியைக் கீழிருந்து மட்டும் நகர்த்தும். இதில் மேலே அழுத்தும் பாதமும் சேர்ந்து நடக்கும். அதனால் கனமான தோல் வழுக்காது. பணிக்காலம் முழுவதும் தாலுகா ஆபீஸில் பட்டா மாறுதலும் ஜமாபந்தியுமாக இருந்தவன் நான். பாய்க்கு முன்னால் இது யாரிடம் இருந்தது, என்னென்ன பாகம் மாற்றியது, ஏன் விற்கிறார், எல்லாம் கேட்டேன். சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசித்தண்டு ஆடுகிறதா என்று பார்த்தேன். கையோடு கொண்டுபோயிருந்த தோல்துண்டுகளை மடித்துக் கொடுத்துத் தைக்கச் சொல்லி, திருப்பிப் போட்டு அடித்தையலையும் பார்த்தேன்.

"சார், நீங்க வாங்குறது மெஷினா, நஞ்சை நிலமா?" என்றார் பாய்.

"ரெண்டுக்கும் வில்லங்கம் பாக்கணும் பாய்."

"பாத்துட்டீங்கள்ல? மோட்டாரை மட்டும் மாத்திக்கங்க. இது மெரண்ட மாடு மாதிரி பாயும். உங்களுக்கு மெதுவா ஓடுறதுதான் சரி."

மெதுவாக ஓடும் மோட்டாரைப் போட்டு, குட்டி யானை வேனில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி கற்பூரம் காட்டினாள். சந்தனத்தைக் குழைத்து, மெஷினில் எங்கெல்லாம் பளபளத்ததோ அங்கெல்லாம் தாராளமாகப் பொட்டு வைத்து, மேலே குங்குமமும் இட்டாள். புது ஸ்கூட்டருக்கும் கிரைண்டருக்கும் பீரோவுக்கும் செய்ததுதான். தரையில் உருளும் சக்கரம் இல்லாததால் எலுமிச்சம்பழம் மட்டும் தப்பியது. நானும் கும்பிட்டேன்.

மறுநாள் தைத்தேன். மேல்பக்கம் ஒழுங்காக இருந்தது. திருப்பினால், நூல் மீன்வலைபோலச் சுருண்டு கிடந்தது.

விதிப்படி இறங்கினேன். ஊசி மாற்றினேன். நூலை அவிழ்த்து மறுபடி கோத்தேன். மேல்நூலை இறுக்கிப் பிடிக்கும் இரட்டைத் தட்டின் திருகை முறுக்கினேன், இன்னும் முறுக்கினேன். வலை விரிந்துகொண்டே போனது. சரி, வண்டி குலுங்கியதில் உள்ளே நூலைப் பிடிக்கும் கொக்கி இடம் மாறிவிட்டது என்று முடிவு கட்டினேன். வழிகாட்டிப் புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்து, கொக்கியைத் தளர்த்தி, ஊசி மேலே எழும் நேரத்துக்குச் சரியாக அதன் முனை வந்து சேரும்படி மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். புத்தகத்தில் உள்ள படமும் என் கொக்கியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்தன. வலையும் அப்படியே இருந்தது.

கல்யாணம் நெருங்கியது. ஒருநாள் காலையில் காபியைக் கொடுத்துக்கொண்டே மனைவி சொன்னாள்: "அத்தானுக்கு போன் பண்ணிட்டேன். இப்ப வந்துட்டே இருக்காரு."

காபியை அப்படியே கீழே வைத்தேன். அவர் வருவதற்குள் கண்டுபிடித்தாக வேண்டும் என்ற வெறியில், அதுவரை திருகியதோடு விட்டிருந்த அந்த இரட்டைத் தட்டை முழுவதும் கழற்றினேன். இரண்டு தட்டுகளுக்கும் நடுவே, கெட்டியாகக் காய்ந்து, மஞ்சளும் சிவப்புமாக ஒரு பொருக்கு. சந்தனம். ஈரத்தில் வைத்த பொட்டு வழிந்து உள்ளே போய் உறைந்து, தட்டுகளை ஒட்டவிடாமல் பிரித்து நிறுத்தியிருக்கிறது. நான் எவ்வளவு முறுக்கினால் என்ன, நூல் காலியான பேருந்தில் ஏறுவதுபோலப் போயிருக்கிறது. பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்துத் துடைத்து மாட்டி ஒரு துண்டைத் தைத்தேன். மேலும் கீழும் ஒரே தையல்.

அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது.

"என்ன சகலை, மெஷின் மக்கர் பண்ணுதாமே? தள்ளுங்க பாப்போம்."

தள்ளினேன். அவர் உட்கார்ந்தார். பக்கத்து மூடியைத் திறந்து "உம்" என்றார். ஏதோ ஒரு திருகை இந்தப் பக்கம் திருப்பி, மறுபடி இருந்த இடத்துக்கே திருப்பினார். ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். தைத்தார். தையல் முத்துக் கோத்ததுபோல் விழுந்தது.

"பாத்தீங்களா!" என்றாள் மனைவி என்னிடம். "அத்தான், இருங்க, கேசரி கிண்டுறேன்."

சந்தனக்கறை படிந்த பிரஷ் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. சொல்லியிருக்கலாம். சொன்னால் பொட்டு வைத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். சகலை தொடையைத் தட்டிச் சிரிப்பார். அது அன்றோடு நிற்காது. அக்காவும் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு வளைகாப்பிலும் காதுகுத்திலும் எடுத்து விடுவார்கள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியாது. கேசரி நன்றாக இருந்தது. முதல் கிண்ணம் அவருக்கு.

பையைத் தைத்து முடித்தேன். பழுப்பு நிறம், இரண்டு அறை, அறுக்கவே முடியாத வார். கல்யாண மண்டபத்தில் மனைவி அதை மாட்டிக்கொண்டு நின்றபோது, தோளில் பை தொங்கும் பக்கமாகவே நான் நின்றுகொண்டேன். அவளுடைய அக்கா வாங்கிப் பார்த்து, "ஏங்க, இந்த வார் நல்லாருக்கே, நீங்க தைக்கிறதுல இப்படி வர்றதில்லையே," என்று சகலையிடம் நீட்டினாள்.

அவர் முகத்தில் ஒரு கணம் ஓடியதை நான் உடனே அடையாளம் கண்டுகொண்டேன். அது எனக்கு நெடுநாள் பழக்கம். அவர் பையைக் கவிழ்த்து, அடித்தையலில் நகத்தை ஓட்டினார். பிறகு சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னார்:

"தையல் நல்லா உக்காந்திருக்கு. அன்னைக்கு நான் போய் மெஷினை செட் பண்ணி விட்டேன்ல!"

"உங்க கை பட்டா சும்மாவா மாமா," என்றார் யாரோ. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பை கவிழ்ந்தபடியே கிடந்தது. நான் பந்திக்குப் போனேன்.

திரும்பும் பேருந்து திருவாரூரைத் தாண்டியது. மனைவி பையை மடியில் வைத்து வாரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு பாத்ரூம்ல பிரஷைப் பாத்தேன்," என்றாள். "சந்தனமா இருந்துச்சு. அத்தான் வர்றதுக்கு முன்னாடியே சரி பண்ணிட்டீங்கதானே?"

"ஆமா."

"மண்டபத்துல ஏன் சொல்லல?"

"சொன்னா உங்கக்கா உன்னை விட்டுருவாளா?"

அவள் சிரித்தாள். என் கையை எடுத்துப் பையின் மேல் வைத்துக்கொண்டாள். வெளியே அறுப்பு முடிந்த வயல்களில் வைக்கோல் கட்டுகள் கிடந்தன. இத்தனை வருடத்தில் முதல் இலை எனக்கு விழுந்தது என்று நினைத்தேன்.

"ஆனா ஒண்ணுங்க," என்றாள் அவள். "அத்தான் எண்ணெய் விட்டதுக்கப்புறம் மெஷின் சத்தம் கொறஞ்சுதான் இருக்கு."

குறைந்துதான் இருக்கிறது. எனக்கும் தெரியும். தஞ்சாவூர் வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.