பால் இல்லாத தீவு

எங்கள் எம்.பி. உணவுக்கும் விவசாயத்துக்கும் என்ன கிழித்தார் என்று இன்றைக்கும் ஆட்கள் வாய்ச்சண்டை போடுவார்கள். பாராளுமன்றத்தில் அரிசி இறக்குமதி பற்றிப் பேசினார், உரம் பற்றிப் பேசினார், வெங்காய விலை பற்றி மணிக்கணக்காகப் பேசினார். எங்கள் நெடுந்தீவுக்கு ஒரு குளம் வெட்டித் தருவதாகவும் சொன்னார். அந்தக் குளத்தில் இன்றுவரை ஒரு தவளைகூடக் கத்தவில்லை. ஆனால் பால் விஷயத்தில் அவரை யாராவது குறை சொன்னால் எனக்குப் பொல்லாத கோபம் வரும். அந்தக் கதையில் என்னுடைய மாடுகள் இருக்கின்றன.

சண்டை ஓய்ந்து, யாழ்ப்பாணத்துக்குப் போக்குவரத்துக் கொஞ்சம் இலகுவாகியிருந்த காலம் அது. என்னிடம் மூன்று பசுக்கள் நின்றன. மாரி பெய்து மேய்ச்சல் தரவையில் புல் எழும்பிவிட்டால் பாலை என்ன செய்வதென்று தெரியாது. வீட்டில் குடித்து, தயிர் போட்டு, நெய் உருக்கி, அயலுக்கும் கொடுத்த பிறகும் மிஞ்சும். யாழ்ப்பாணத்தில் அதை வாங்க ஆள் இருந்தது. அக்கரையில் குறிகட்டுவான் துறைக்குப் போகும் காலைப் படகில் பால் கான் வைக்கத்தான் இடம் இல்லை. மத்தியானப் படகில் அனுப்பினால் பால் வெயிலில் திரைந்துபோகும்.

என் கணவருக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிற மனுஷன். "இந்த மாரிக்குள்ளை படகிலை இடம் கிடைக்காட்டி மாடுகளை விக்கிறதுதான். ஒரு யாவாரி கேட்டுக்கொண்டு நிக்கிறார்" என்றார். சிவப்புப் பசு என் கலியாணத்தோடு இந்த வீட்டுக்கு வந்தது. அன்றிரவு நான் அவருக்குச் சோறு போட்டேன், கதை கொடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் எம்.பி. வந்தார். தீவுகளின் உணவுத் தேவைகளைக் கேட்டறிந்து சபையில் பேசப்போகிறாராம். பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. படகு விஷயத்தைக் கேட்டே தீருவதென்று நானும் போனேன். பெரிய மனுஷருக்கு வீட்டுப் பாலைக் கொடுப்பது மரியாதையில்லை என்று கடையில் சோடா வாங்கி உடைத்துக் கொடுத்தார்கள். அவர் அதைக் குடித்துவிட்டுக் கேட்டார்: "இஞ்சை பால் விக்கிறது ஆர்? கையைத் தூக்குங்கோ பாப்பம்."

ஒரு கையும் எழும்பவில்லை.

எங்கள் ஊரில் பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால் ஒரு செம்பு பால் வேலிக்கு மேலால் போகும். அதற்குக் காசு வாங்கினால் குடும்பத்துக்கே தலைகுனிவு. யாழ்ப்பாணத்துக்கு அனுப்பி விற்கலாம், அது வியாபாரம். ஆனால் ஊர்ச் சனத்துக்கு முன்னால் "நான் பால் விக்கிறனான்" என்று கை தூக்குவதா? நான் பாதி தூக்கிவிட்டேன். அடுத்த வீட்டு அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தா. உடனே அந்தக் கையால் கொண்டையைச் சரிசெய்துகொண்டேன்.

சில நாளில் வானொலியில் அவருடைய பேச்சைப் பற்றிச் சொன்னார்கள். நெடுந்தீவில் பால் விற்க ஒரு ஆள்கூட இல்லை, குழந்தைகள் பாலுக்கு ஏங்குகிறார்கள் என்று சபையே உருகும்படி பேசியிருந்தார். அடுப்பில் பாலைக் காய்ச்சிக்கொண்டே கேட்ட எனக்கும் ஒரு கணம் கண் கலங்கிவிட்டது. அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்தது.

மனுஷன் பேசினால் வேலை நடக்கும் என்பதை அப்போது கண்டோம். படகில் பெட்டி பெட்டியாகப் பால்மா வந்து இறங்கியது. தரவையில் மேய்ந்துகொண்டிருந்த மாடுகளுக்கு நடுவால் உழவு இயந்திரத்தில் அதை ஏற்றிப் போனார்கள். எங்கள் பங்கைக் கணவர் கொண்டுவந்து குசினி மேசையில் வைத்தார். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

"இதைவிட இன்னொரு செய்தி இருக்கு" என்றார் அவர், என் முகத்தைப் பாராமல். "படகிலை இடம் கேட்டுக் கந்தோர் அதிகாரியளிட்டைப் போனனான். பாலே இல்லாத ஊருக்குப் பால் கான் வைக்க என்னத்துக்கு இடம் எண்டு கேக்கினம். இனி ஏலாது. யாவாரியை வரச்சொல்லப் போறன்."

"எம்.பி. திரும்பி வரட்டும். அதுக்குப் பிறகு வரச்சொல்லுங்கோ" என்றேன். பால்மா ஒழுங்காகக் கிடைத்ததா என்று பார்க்க அவர் வருவதாகக் கதை அடிபட்டது.

வீடு வீடாகப் போனேன். கெஞ்சினேன், ஏசினேன், இரண்டு வீட்டில் சண்டையும் பிடித்தேன். எம்.பி. வந்து இறங்கிய காலையில் துறைமுகத்தில் வாளி, சருவம், செம்பு, கான் என்று வரிசையாகப் பால் நின்றது. முதல் ஆளாக வந்து நின்றது அடுத்த வீட்டு அக்காதான். மாலை போட வந்தவர்களுக்கு வழி விடாமல் செம்பை அவர் கையில் திணித்துவிட்டா. குடித்தார். அடுத்தது நீட்டினார்கள், அதையும் குடித்தார். மூன்றாவது செம்பில் மீசையெல்லாம் நுரை.

"இவ்வளவு பால் இருக்கு! அண்டைக்கு ஏன் ஒருத்தரும் கை தூக்கேல்லை?" என்றார்.

"விக்கிறது ஆர் எண்டெல்லோ கேட்டனீங்கள் ஐயா! கறக்கிறது ஆர் எண்டு கேட்டிருந்தா ஊரே கை தூக்கியிருக்கும்" என்றேன். பிறகு மூச்சு விடாமல் படகு, வெயில், யாவாரி, சிவப்புப் பசு எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கோபிப்பார் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அடுத்த அமர்விலேயே எழுந்து, தான் முன்பு சொன்னது பிழை, அந்தத் தீவில் இல்லாதது பாலல்ல, படகில் இடம் என்று சொன்னார். தான் சொன்னதைப் பிழை என்று அந்தச் சபையில் சொன்ன வேறொரு எம்.பி.யை நான் கேள்விப்படவில்லை. அவருடைய மற்றப் பேச்சுகளை எல்லாம் மறந்துபோனேன். அந்த மாரி முடியுமுன் காலைப் படகின் முன்பக்கத்தில் பால் கான்களுக்கு இடம் ஒதுக்கினார்கள்.

பிறகு சண்டை திரும்ப வந்தது, படகுகளும் சில காலம் நின்றுபோயின. அதற்கு முன் ஒருதரம் அவர் அதே மண்டபத்துக்கு வந்தார். இந்த முறை சோடா இல்லை, பால் தேத்தண்ணி. குடித்துவிட்டுக் குறும்பாக எங்களைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்கோ, பால் விக்கிறது ஆர்?"

எனக்கு முன்னால் ஆம்பிளைகள் பக்கத்தில் ஒரு கை எழும்பியது. எட்டிப் பார்த்தால் என் கணவர்.

"மாட்டை விக்கப்போறன் எண்டு நிண்டது ஆராம்?" என்றேன், மண்டபத்துக்கே கேட்க.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மற்றக் கையையும் தூக்கினார்.