செவேரோ தைக்கும் இருக்கைகள்

வாய் நிறையக் குட்டி ஆணிகளை அடக்கிக்கொண்டு, நாக்கின் நுனியால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகிறார் செவேரோ. காந்தச் சுத்தியல் அதை உதட்டிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஒரே அடி. அந்த நேரத்தில் கேள்வி கேட்டால் அவருடைய புருவம்தான் பதில் சொல்லும்.

சனிக்கிழமை காலையில் எல்லையைத் தாண்டிப் பையன்கள் வந்துவிடுவார்கள். பதினாறு, பதினேழு வயது. கூரையை வெட்டித் தாழ்த்தி, மட்கார்டைக் கழற்றி எறிந்த பழைய கார்கள். கலிஃபோர்னியாவில் கட்டுப்படியாகாத வேலை, மெக்சிகோப் பக்கமிருக்கும் இந்தத் திஹுவானாவில் ஒரே நாளில் அவர்கள் கைக்காசுக்குள் முடிந்துவிடும். பக்கத்துக் கொட்டகையில் லாலோ, தூசி எழும்பாமலிருக்கத் தரையில் வாளி வாளியாகத் தண்ணீர் கொட்டிவிட்டுப் பெயின்ட் தெளிப்பார். இங்கே செவேரோ உருளை உருளையாக ரெக்சினை மடித்துப் பஞ்சு திணித்துத் தைப்பார்.

திஹுவானாக்காரர்கள் உள்ளே குதிரைச் சாணியை அடைப்பார்கள் என்று அந்தப் பக்கம் ஒரு பேச்சு உண்டு. அதனால் கடைசித் தையலுக்கு முன் பையனைக் கூப்பிட்டு, திறந்திருக்கும் முனையில் மூக்கை வைக்கச் சொல்வார். "நல்லா மோந்து பாரு. உங்கம்மா தலகாணியில கூட இந்தப் பஞ்சு இருக்காது."

இன்னொரு வழக்கமும் உண்டு. "எந்த ஊரு? எந்தத் தெரு?" கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் என்று யாராவது சொல்லிவிட்டால் ஆணிகளைத் துப்பிவிடுவார். அங்கேதான் மெத்தைப் பட்டறையில் இருந்தார். ஆறு வருடங்களுக்கு முன் அங்கே தங்கக் காகிதம் இல்லையென்று பேருந்தில் ஏற்றி, எல்லைக்கு இந்தப் பக்கம் இறக்கிவிட்டார்கள். மனைவி அங்கேயே தங்கி வேறொருவரை மணந்துகொண்டாள். மகன் ரூபேனுக்கு அப்போது பதினொரு வயது. எழுதிய கடிதங்கள் பிரிக்கப்படாமல் திரும்பி வந்தன.

"ஏன் ஓய், அந்த ஊர்ல இருக்கற அத்தன பேரும் உம்ம மகனோட ஒரே பெஞ்சுலயா படிக்கிறான்?" என்று லாலோ சீண்டுவார்.

போன மார்ச்சில் பெத்தோ என்ற பையன் வந்தான்.

"ரூபேன் பர்ராசாவா? வாயே தொறக்க மாட்டானே, அவன்தானே? எங்க ஸ்கூல்தான், மேஸ்திரி."

செவேரோ சுத்தியலைக் கீழே வைத்தார். "கார் வச்சிருக்கானா?"

"நாப்பதாம் வருஷத்து ஃபோர்டு. அரக்குக் கலர். அவனே வீட்டுக்குப் பின்னாடி வச்சு அடிச்சான், பெயின்ட் கண்ணீர் மாதிரி வழிஞ்சு நிக்குது. சீட்டுல கம்பளியப் போட்டுத்தான் உக்காந்திருக்கான்."

"இங்க கூட்டிட்டு வாயேன்."

பெத்தோ தரையைப் பார்த்தான். "கூப்பிட்டேன். திஹுவானாவுக்கு மட்டும் வரமாட்டேங்கறான்."

அந்த ஃபோர்டின் அளவு செவேரோவுக்கு மனப்பாடம். அடுத்த சனிக்கிழமை பெத்தோ மறுபடி வந்தபோது உறை தயாராக இருந்தது: வெள்ளை உருளைகள், ஓரமெல்லாம் அரக்குப் பட்டி. அவன் காரின் பின்னால் மடித்து வைத்தார்.

"யார் குடுத்ததுன்னு சொல்லட்டும்?"

"ஒரு கடையில தச்சதுன்னு சொல்லு." கார் நகர்ந்ததும் பின்னாலேயே ஓடினார். "அவனாக் கேட்டா மட்டும் எம்பேரச் சொல்லு!"

பதில் வரவில்லை. பெத்தோவும் வரவில்லை. கோடை போயிற்று. லாலோ சீண்டுவதை நிறுத்திவிட்டார்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, பெயின்ட் வழிந்து காய்ந்த அரக்கு நிற ஃபோர்டு கடை முன் வந்து நின்றது. லாலோ முகமூடியை இறக்கிக்கொண்டு வெளியே வந்தார். கதவு திறந்தது. முகமெல்லாம் புள்ளி விழுந்த, செம்பட்டைத் தலைக் குள்ளப் பையன் ஒருவன் இறங்கினான்.

"முன்னாடி ஓட்டினவன் தன் காலுக்குத் தள்ளி வச்ச எடத்துலயே சீட்டு மாட்டிக்கிச்சு, மேஸ்திரி. முதுகுக்கு ரெண்டு தலகாணி வச்சு ஓட்டிட்டு வரேன்."

"யார்கிட்ட வாங்கின?"

"ரூபேன்னு ஒருத்தன். கடற்படையில சேந்து போயிட்டான். காரத் தரேன், சீட்டத் தரமாட்டேன்னு ஒரு வாரம் இழுத்தடிச்சான். அப்பறம், கப்பல்ல இத எங்க போடறதுன்னு அவனே விட்டுட்டான்."

"வேற ஏதாவது சொன்னானா?"

பையன் யோசித்தான். "சீட்டுக்கு ஏதாவதுன்னா நேரா செவேரோ கிட்ட போ, வேற எவனையும் கைவைக்க விடாதன்னான்."

லாலோ ஏதோ சொல்ல வாயெடுத்தார். செவேரோ கையை உயர்த்தி அவரை நிறுத்தினார். தலையணைகளை எடுத்துப் பையனிடம் கொடுத்துவிட்டு, உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார். உருளைகளில் முதுகைச் சாய்த்தார். ஸ்டீயரிங்கைப் பிடித்தார். இடது காலைக் கிளட்ச்சுக்கு நீட்டினார்.

செவேரோ ஒன்றும் குள்ளமில்லை. ஆனாலும் கால் எட்டவில்லை. கீழே சரிந்து உட்கார்ந்து பார்த்தார்; அப்போதும் எட்டவில்லை.

"லீவர் உங்களுக்குக் கீழதான் இருக்கு, மேஸ்திரி," என்றான் பையன் வெளியிலிருந்து.

செவேரோ லீவரைத் தொடவில்லை. நீட்டிய காலை நீட்டியபடியே வைத்துக்கொண்டு குனிந்து, ஷூ முனைக்கும் பெடலுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்.