ரொட்டியில் ஓடிய சைக்கிள்

பெட்ரோலை விட்டுவிட்டுச் சைக்கிளில் வேலைக்குப் போவது என்று நான் முடிவெடுத்தது, பிஸ்கட் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் படித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதில் கலோரிக் கணக்குப் போட்டிருந்தது. பெட்ரோலுக்கும் கலோரி உண்டா என்று கைப்பேசியில் தேடினேன். உண்டு. ஒரு லிட்டரில் இருக்கிற சக்தி இருபது, இருபத்தைந்து ரொட்டி சானாய்க்குச் சமமாம். அத்தனையையும் குடித்துவிட்டு என் மோட்டார் சைக்கிள் செய்கிற வேலைதான் என்ன? பாகான் டாலாமிலிருந்து ஃபெர்ரிக்கு, கடல் தாண்டித் தீவில் இறங்கியதும் ஜெலுத்தோங்கில் இருக்கும் ஆபீசுக்கு, என்னைச் சுமந்துகொண்டு போவது. அந்தச் சக்தி என் வயிற்றிலேயே பல வருஷமாகச் சும்மா கிடக்கிறதே!

"நானே ஒரு கேஸ் தோங். நெறைய இருக்கு, எரிக்கத்தான் ஆளில்ல," என்று சமையலறைச் சிலிண்டரைக் காட்டி வீட்டில் அறிவித்தேன்.

"பாக்கவும் அப்படித்தான் இருக்கீங்க," என்றாள் மனைவி.

அவள் தம்பி எங்களோடுதான் இருக்கிறான். புதிதாகத் தீவில் ஒரு ஃபேக்டரியில் சேர்ந்திருந்தான். அவனுடைய மோட்டார் இஞ்சின் போய் மூலையில் நின்றது. ஃபெர்ரியில் இறங்கி, பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தாமதமாகிவிடும். இன்னொரு முறை லேட்டானால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

"மச்சான், என் மோட்டார எடுத்துக்க," என்றேன், வள்ளலைப் போல.

"வேணாம்லா," என்று மனைவி குறுக்கே வந்தாள். "போன தடவ நின்ன எடத்துலயே ஓடுற மெஷின் வாங்குனாரு. இப்ப அதுல துணி காயுது. மூணு நாள்ல மோட்டாரத் திருப்பிக் கேப்பாரு, நீ நடுரோட்டுல நிப்ப. மொதல்ல ஒரு வாரம் மிதிக்கட்டும். மோட்டாருக்கு அடிக்கிற எண்ணெச் செலவவிட சைக்கிள் செலவு கொறஞ்சாத்தான் மோட்டார் ஒனக்கு."

மோட்டார் ஒரு நாளைக்குக் குடிக்கிற பெட்ரோலின் விலை ஒரு வெள்ளிக்கும் குறைவு. சைக்கிள் எதுவுமே குடிக்காது. இதில் தோற்க ஒரு தனித்திறமை வேண்டும்.

அது என்னிடம் இருந்தது. திங்கட்கிழமை தீவில் இறங்கியதும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடந்தேன். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டிக் கடை. தொட்டி காலியாக இருந்தால் எந்த வண்டிதான் ஓடும்? பருப்புக் குழம்பை மேலே ஊற்றி ஒரு ரொட்டி சாப்பிட்டேன். பிறகு இன்னொன்று. குடிக்க, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக். காசு ஆறு வெள்ளிக்குப் பக்கத்தில் வந்தது.

அப்போதுதான் உறைத்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய இரண்டு வெள்ளி. அதே சக்தியை ரொட்டியாக வாங்கினால் ஐம்பது வெள்ளியைத் தொடும். ஊரிலேயே விலை கூடிய எரிபொருளில் ஓடுகிற வண்டி நான்தான். பெட்ரோலுக்காவது அரசாங்கம் மானியம் தருகிறது. என் ரொட்டிக்கு யார் தருவார்?

"மாமா! என்னா இது?"

லேட்டாகாமல் இருக்க அரைத் தூக்கத்தில் கிளம்பி பஸ்ஸுக்கு வந்த மச்சான் பின்னால் நின்றான்.

"எண்ணெ அடிக்கிறேன்லா."

அவன் தட்டைப் பார்த்தான். பில்லைப் பார்த்தான். முகம் வாடிப்போயிற்று. "அக்காவுக்குத் தெரிஞ்சா மோட்டார் போச்சு."

"போச்சுதான்."

பையிலிருந்து காசை எடுத்தான். "நீங்க சாப்பிடுங்க மாமா. நான் கட்டுறேன். ஒங்க கணக்குல வராதுல்ல?"

இப்படித்தான் எனக்கு மானியம் கிடைத்தது. மானியத்தில் வரும் பொருளை மனிதன் அளந்து தின்பதில்லை. செவ்வாய்க்கிழமை முட்டை ரொட்டிக்கு மாறினேன். புதன்கிழமை அதோடு ஒரு கப் மைலோவும் சேர்ந்துகொண்டது.

"சாதா ரொட்டி போதாதா மாமா?" என்று மச்சான் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"ஜெலுத்தோங் போற வழி மேடு, தம்பி."

அந்த வழியில் மேடே கிடையாது. அது அவனுக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வந்தவன் உட்காரவில்லை. "மாமா, மானியத்த நிறுத்தியாச்சு. ஒங்களுக்கு ஒரு நாள் போடுற ரொட்டிக் காசுல மோட்டாருக்கு ஒரு வாரம் எண்ணெ அடிக்கலாம்லா!" அன்று சாயங்காலம் அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்.

மனைவி சிரித்து முடிக்க நேரமாயிற்று. பிறகு தீர்ப்புச் சொன்னாள். "நீங்க தோத்துட்டீங்க. அதனால மோட்டார் ஒங்களுதுதான். ஆனா ஓட்டறது அவன். நீங்க பின்னால ஒக்காருங்க. போற வழியில ஆபீஸ்ல எறக்கி விடுவான். எண்ணெ ஒங்க செலவு."

திங்கட்கிழமையிலிருந்து அப்படியே நடக்கிறது. மச்சான் நேரத்துக்கு வேலைக்குப் போகிறான், சூப்பர்வைசர் வாயைத் திறப்பதில்லை. ரொட்டிக் கடையைத் தாண்டும்போது மட்டும் அவன் வேகம் கூட்டுவான். நான் மூச்சை நன்றாக இழுத்துக்கொள்வேன்.

போன வாரம் எண்ணெய் அடிக்கும்போது எனக்குச் சந்தேகம் வந்தது. "மச்சான், மோட்டார் முன்னவிட அதிகமாக் குடிக்குதே. பெங்கெல்ல மெக்கானிக்கிட்ட காட்டணுமா?"

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு மாமா," என்றான் மச்சான். "நீங்க தின்ன ரொட்டியையும் சேத்துத்தானே இழுக்குது."