உப்பிய பேட்டரி

அலமாரியை ஒழுங்குபடுத்தும்போது என் பழைய செல்போன் கிடைத்தது. பின்மூடி எழும்பி நின்றது; உள்ளே பேட்டரி தலையணை மாதிரி உப்பியிருந்தது. வேலைக்குக் கிளம்பும் அவசரம். காய்கறித் தோலோடு கேரி பேக்கில் போட்டு முடிச்சிட்டு, குப்பை வண்டி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

பீங்கான் கம்பெனியில் எனக்குப் பேக்கிங் வேலை. பேச்சுவாக்கில் இதைச் சொன்னதும், சூளை பார்க்கும் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"உப்புன பேட்டரியவா குப்பையில போட்ட? கம்பி குத்துனாலே நெருப்புப் புடிச்சிக்குமேம்மா!"

குப்பை தரம் பிரிக்கும் கொட்டகையை நான் பார்த்திருக்கிறேன். வண்டியில் வாங்கிய பைகளை அந்த அக்காவே அங்கே உட்கார்ந்து இரும்புக் கொக்கியால் கிழிப்பார்.

பர்மிஷன் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். ரயில்வே கேட் மூடிக்கிடந்தது. கூட்ஸ் வண்டி ஒவ்வொரு பெட்டியாக ஊர்ந்தது. கொட்டகை இருக்கும் திசையில் புகை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அக்காவுக்கு எத்தனை பிள்ளைகள் என்றுகூட எனக்குத் தெரியாது.

கொட்டகையில் அவர் குந்தியிருந்தார். முன்னால் என் பை, கிழிந்து.

"அக்கா, அதுல ஒரு போனு..."

"எடுத்துட்டேன்."

தள்ளியிருந்த மணல் குவியலைக் காட்டினார். போன் பாதி புதைந்திருந்தது. மூடியில் கொக்கி கீறிய கோடு, பேட்டரிக்கு ஒரு விரல்கடை தள்ளி.

முழங்கையைத் திருப்பிக் காட்டினார். தோல் சுருங்கி மினுமினுத்தது. "ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இப்படித்தான். கொக்கி பட்டுது, புஸ்ஸுன்னு புகை வந்துது, பொடவ பத்திக்கிச்சு. இது எந்த வூட்டுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொல்லாமல் வந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது உண்மை.

"எங்க வூட்டுதுக்கா. நான்தான் போட்டேன்."

என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "கையில தனியா குடுத்திருந்தா பாத்து வெச்சிருப்பேன்ல?" என்று மட்டும் சொன்னார்.

பழைய எலெக்ட்ரானிக் சாமான்களை எடுத்துப்போகும் வண்டி சனிக்கிழமைதான் வருமாம். அதுவரை நான் வீட்டுக்குக் கொண்டுபோகவா என்று கேட்டேன்.

"வேணாங்க, வூட்டுல புள்ளைங்க இருப்பாங்க. இங்கயே கெடக்கட்டும்."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. திரும்பி வரும் வழியில்தான் அது உறைத்தது. சனிக்கிழமை வரைக்கும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்க்கப்போவது அவர்.

மறுநாள் கம்பெனியில் விரிசல் விட்ட ஜாடி ஒன்றைக் கேட்டு வாங்கி, காய்ந்த மணல் நிரப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். போனை அதற்குள் வைத்தோம். சனிக்கிழமை வண்டி வந்து எடுத்துப்போகும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் யாராவது ஓடினால்கூட, கொட்டகைப் பக்கம் என்னவோ என்று வாசலுக்கு வந்து பார்த்தேன்.