அம்மணிக்கு ஒரு கூண்டு

ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு விரலை நுழைத்துப் பார்க்கிறார் எல்டன் ராஃப்யூஸ். விரல் போகவில்லையென்றால் அடுத்த இடம். போய்விட்டால், உதட்டில் கவ்வியிருக்கும் திருகாணிகளில் ஒன்றை எடுத்து, வாஷர் கோத்து, இரும்பு வலையை மரச்சட்டத்தோடு இறுக்குகிறார்.

"ரெண்டு விரல் போற இடத்துல அவ மூக்கு போகும். மூக்கு போச்சுன்னா மீதிய அவளே பார்த்துக்குவா."

'அவள்' என்றால் நரி. மே மாதத்தில் ஒரு காலை, தெருமுனைத் தபால்பெட்டி வரை போனவர் அரைமணி நேரம் பேச்சில் நின்றுவிட்டார். திரும்பி வந்தால் முற்றமெங்கும் இறகு. மெல்லிய கோழிவலை ஓரிடத்தில் கிழிந்து கிடந்தது. எட்டுக் கோழிகளில் ஏழு போய்விட்டன. செம்பழுப்புக் கோழி ஒன்று மட்டும் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒடுங்கியிருந்தது. அதற்கு அம்மணி என்று பெயர் வைத்து, சமையலறை அடுப்போரம் ஓர் ஆப்பிள் பெட்டியில் குடியேற்றினார்.

லூனன்பர்க் பகுதிச் சாலைகளில் முப்பத்தோரு வருடம் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். ஊர் எழுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஊர் எழும்போது அவர் தூங்கப் போவார். யார் வீட்டு வாசல் எத்தனை அடி என்று தெரியும். வாசலுக்குள் இருக்கும் முகங்கள் அவ்வளவாகத் தெரியாது. எதிர்வீட்டுக்காரியான என்னிடம் பேச ஆரம்பித்ததே, என் தபால்பெட்டியை ஒருமுறை இடித்துச் சாய்த்த பிறகுதான்.

புதுக் கூண்டை மட்டும் அவசரப்படாமல் கட்டினார். தேவதாருக் கால்கள், அரை அங்குலக் கண் வலை, மேலேயும் அதே வலை. சுவரடியில் தோண்டுவது நரியின் வழக்கம். அதனால் வலையைச் சுற்றிலும் தரையோடு இரண்டடி அகலம் விரித்து, மேலே புல்லைப் பதித்தார். ஆகஸ்டில் எல்லாம் முடிந்துவிட்டது.

"என்கிட்ட மூணு பெட்டை இருக்கு. கொண்டாரட்டுமா?" என்றேன்.

"கதவுக்கு இன்னொரு கொக்கி போடணும்மா."

அடுத்த வாரம், புல் வேர் பிடிக்கட்டும் என்றார். செப்டம்பரில் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்றார்.

"ஏன், பெயிண்டப் பார்த்து நரி பயந்துருமா?"

சிரிக்கவில்லை. சமையலறையில் அம்மணி அவர் காலடியில் உலாத்திக்கொண்டிருந்தது. "ரேடியோவவிட இது தேவலாம்மா. பேசினா பதில் சொல்லுது" என்றார்.

நான் குனிந்து கோழியைத் தூக்கி அவரிடம் காட்டினேன். தன் இறகைத் தானே பிடுங்கி, நெஞ்சு வெறுந்தோலாகியிருந்தது. மே மாதத்துக்குப் பிறகு ஒரு முட்டைகூட இடவில்லை.

"தனியா இருக்க முடியலீங்க இதால."

வெகுநேரம் அந்த நெஞ்சையே பார்த்தார். "தெரியும்மா" என்றார். பிறகு பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பி, கழுவிய கோப்பையையே மறுபடியும் கழுவினார். "சனிக்கிழமை கொண்டாங்க."

கொண்டுபோனேன். அம்மணியோடு கூண்டில் விட்டோம். முதல் நாள் கொத்திக்கொண்டன. மூன்றாம் நாள் நான்கும் ஒரே குழியில் புழுதி குளித்தன. அந்த வாரமே நரியும் வந்து பார்த்திருக்கிறது. வலையோரம் நான்கு இடத்தில் பிராண்டல். என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். "பாருங்க, நகம் தேஞ்சதுதான் மிச்சம் அவளுக்கு!" ஐந்து மாதத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அக்டோபரில் ஒருநாள் சாயங்காலம் அவரைப் பார்க்கப் போனேன். கதவைத் தட்டினேன், பதில் இல்லை. பின்பக்கம் போனால், சாப்பாட்டு மேஜை நாற்காலி கூண்டுக்கு எதிரே புல்வெளியில் கிடந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு, மடியில் தட்டோடு எல்டன் அதில் உட்கார்ந்திருந்தார். உப்புமீனும் உருளைக்கிழங்கும் ஆறிப்போயிருந்தன. கூண்டுக்குள்ளே நான்கு கோழிகளும் அவருக்கு முதுகைக் காட்டி மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தன. அவர் பாதி எழுந்து, நாற்காலியை வலைப்பக்கம் இன்னும் ஒரு சாண் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.