சீனத்து வேரும் பாவாயியின் உப்பும்

நாட்டு மருந்துக் கடைக்காரனுக்கு நோயோடு சண்டை கிடையாது, நோயாளி வீட்டு ஆட்களோடுதான். என்னைப்போலவே மருந்துக் கடை வைத்துப் பட்ட உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

சைக்கிளில் வந்த வேர்

யுத்தத்துக்கு முந்தின சமாசாரம். சேலத்தில் என் கடை. எடப்பாடியிலிருந்து பாவாயி மூச்சிரைக்க வந்தாள். புருஷன் செங்கோடன் தறிக்காரன். நீரிழிவு முற்றி, முகமும் காலும் வீங்கி, தறியில் உட்கார முடியாமல் கிடந்தான். மூத்திரம் பிரிக்கிற குண்டிக்காய் கெட்டிருக்கிறது, உப்பை நிறுத்து என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியாயிற்று. அந்தச் சமயம் சைக்கிளில் பட்டுத்துணி விற்க வந்த சீனாக்காரர் ஒருவர், செங்கோடன் காலை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, தன் மூட்டையிலிருந்து ஒரு பிடி வேர்ச் சீவல் கொடுத்தாராம்.

கொடுக்கலாமா என்று என்னிடம் நீட்டினாள். மோந்தேன். பச்சைப்பயறு வாசம். மென்றேன். லேசான இனிப்பு. இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத வேர்! “தறி ஓடுகிற ஊரில் போய்த் துணி விற்றானா? யார் வாங்கினது?” என்றேன்.

“துணி யாருக்குங்க வேணும்? அவரு மூஞ்சியப் பாக்கத்தான் தெருவே கூடுச்சுங்க!”

அரைத் தமிழ்

கடையைச் சாத்திவிட்டு ஓடினேன். சேலம் சந்தையில் அந்தச் சீனாக்காரரைப் பிடித்தேன். அவர் ஊரில் இந்த நோய்க்கு இதைத்தான் காய்ச்சிக் குடிப்பார்களாம். தீருமா என்றேன். தலையை ஆட்டினார், இல்லையென்று. வீக்கம் இறங்கும், அவ்வளவுதான். பிறகு விரலை நீட்டி எச்சரித்தார்.

“உப்பு சாப்பிட்டா, வேர் சும்மா!”

உப்பில்லாச் சோறு

கடைக்குத் திரும்பி, காத்திருந்த பாவாயியிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. டாக்டர் சொல்லியும் அவள் உப்பை நிறுத்தவில்லை! அவர்கள் வீட்டில் உப்பில்லாச் சோறு செத்தவர்களுக்குப் படைக்கிறது. இப்படியே உப்பைப் போட்டால் நிஜமாகவே படைப்பாய் என்று கத்தினேன். வேரை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டாள்.

“உசுரோட இருக்கறவருக்குக் கருமாதிச் சோறு போடச் சொல்றீங்களே, நீங்க நல்லா இருப்பீங்களா?”

மஞ்சள் கயிறு

படி இறங்குகிறாள். போனால் செங்கோடன் போனான். அப்போதுதான் பளிச்சென்று பட்டது. “ஏ பாவாயி, நில்லு! மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டு அவன் கையில் காப்புக் கட்டு. விரதக்காரன் உப்பில்லாமல்தானே தின்பான்?”

திரும்பி வந்தாள். வேரை வாரி மடியில் கட்டினாள்.

“இத மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்னங்க?”

எடப்பாடியில்

நோயாளி வீட்டுக்கு நான் போகிறவனல்ல. அந்த மாசம் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஓடாத குறை. செங்கோடன் தறியில் உட்கார்ந்திருந்தான்! வீக்கம் வற்றிக் கால் எலும்பு தெரிந்தது. என்னைக் கண்டதும் கைக் காப்பைத் தூக்கிக் காட்டினான். வேண்டுதல் முடிந்து, பொங்கலும் வைத்தாயிற்றாம். ஏன் அவிழ்க்கவில்லை என்றேன்.

பாவாயி அடுப்படியிலிருந்தே முறைத்தாள். “அவுத்தா உப்புக் கேப்பாருங்க.”

“பாருங்க சாமி! ஆத்தாளே உட்டுட்டா, இவ உடமாட்டீங்கறா!” என்றான் செங்கோடன்.

வீக்கத்துக்குக் கேட்டது வேரா விரதமா என்று என்னைக் கேட்காதீர்கள். இரண்டும் என் கடைச் சரக்கில்லை என்பது மட்டும் நிச்சயம்.