மின்விசிறிக்கு ஓர் அரசியல் சாசனம்

போன வாரம் நாமக்கல்லில் ஒரு டீக்கடை. பக்கத்துப் பெஞ்சுக்காரரின் போனில் செய்தி ஓடியது. அமெரிக்க அதிபர் போட்ட உத்தரவு ஒன்றுக்கு அங்கே ஒரு நீதிபதி தடை போட்டுவிட்டாராம். "அதிபருக்கேவா?" என்று அவர் வியந்தார். எனக்கு வியப்பில்லை. நானும் ஒரு காலத்தில் அதிபராக இருந்து தடை வாங்கியவன்தான். சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

தலைக்கு மேல் கடையின் ஃபேன் கடகடத்தது. அந்தச் சத்தம் என்னைச் சேலத்து அறைக்குக் கொண்டுபோனது. ஐந்து பேர், ஒரே அறை, ஒரே ஃபேன். ஆட்டையாம்பட்டிக்காரர்கள் மூவர், ஜவுளிக்கடை வேலை. ஆத்தூர் ரஹீம், அரிசி மண்டி குமாஸ்தா. ஜேடர்பாளையத்திலிருந்து நான், லாரி புக்கிங் ஆபீஸ். ஃபேனுக்குக் கீழே யார் படுப்பது என்று ஓட்டெடுத்தால் மூன்றுக்கு இரண்டு. சித்திரை முழுக்க ஆட்டையாம்பட்டிக்கே காற்று.

"ஓட்டுன்னா ஓட்டுத்தானுங்க சாமி," என்பான் அவர்களில் மூத்த மணி.

ரஹீம் தபாலில் பி.ஏ. அரசியல் படித்துக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை மூடிவிட்டு, "அமெரிக்காவுலயும் இதே சண்டதாம்பா," என்றான். அரசியல் சாசனம் எழுதக் கூடியவர்கள் புழுங்கும் கோடையில், பேச்சு வெளியே போகாமலிருக்க ஜன்னலைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் வாதாடினார்களாம். பெரிய மாநிலங்கள் தலைக்கணக்கில் ஓட்டுக் கேட்டன. சின்ன மாநிலங்கள் எல்லாருக்கும் சமமாகக் கேட்டன. கடைசியில் இரண்டு சபை. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் சட்டம்.

"நமக்கும் அப்படித்தான். தலைக்கு ஒரு ஓட்டு, அப்புறம் ஊருக்கு ஒரு ஓட்டு. ரெண்டுலயும் ஜெயிச்சாத்தான் செல்லும்."

மணி விரல்விட்டுப் பார்த்தான். ஊர்க்கணக்கில் அவர்கள் ஒன்று, நாங்கள் இரண்டு. "ஏனுங்க பாய், எங்களால ஒண்ணும் பண்ண முடியாமப் பண்ணிப்போட்டீங்களே."

"எங்களாலயும்தான் முடியாது."

வேறு வழியில்லை, பேசித்தான் ஆகவேண்டும். முறைவைத்துப் படுப்பது என்று அன்றே இரண்டு ஓட்டிலும் நிறைவேறியது.

எனக்கு வயிறு எரிந்தது. அதுவரை அந்த அறையைச் சிரிக்க வைத்தவன் நான். இப்போது டீ வந்தாலும் முதல் டம்ளர் ரஹீமுக்கு. அவனோ காலண்டர் தாளின் பின்பக்கம், "இந்த அறையின் மக்களாகிய நாங்கள்" என்று தொடங்கி எழுதிச் சுவரில் ஒட்டினான். சட்டம் போட ஐவரும், நடத்திவைக்க ஓர் அதிபர், பொருள் சொல்ல ஒரு நீதிபதி. ஒருவர் கை நீண்டால் இன்னொருவர் பிடிக்க வேண்டும். யாருடைய நல்ல குணத்தையும் நம்பி எழுதவில்லை என்றான். குறட்டை விடும் உரிமை பிறகு திருத்தமாகச் சேர்ந்தது.

அவனையே அதிபராக்கிவிடுவார்களோ என்ற பதற்றத்தில் நானே நிற்கிறேன் என்றேன். என் பெயரை முன்மொழிந்தவனும் ரஹீம்தான். அதற்கும் எரிந்தது. பதவியேற்க நாலு பேர் முன்னால் எழுந்து நின்றேன். உறுதிமொழிக்குப் பதில் வாயில் வந்தது, "உள்ளேன் ஐயா."

முதல் உத்தரவு: அதிபர் நிரந்தரமாக ஃபேனுக்குக் கீழே படுப்பார்.

தனக்கு நீதிபதி வேலை போதும் என்று வாங்கிக்கொண்ட ரஹீம் சோறு பிசைந்துகொண்டிருந்தான். நிமிரவே இல்லை. "செல்லாது."

"டேய், நான் அதிபர்டா."

"அதனாலதாம்பா செல்லாது."

ஆட்டையாம்பட்டி கைதட்டியது. "அதிபர் சாமி, படுக்கையச் சுருட்டுங்க," என்றான் மணி. அடுப்போரம் போய் விரித்துக்கொண்டு யோசித்தேன். பதவியை என்னிடம் தள்ளிவிட்டு, முடியாது என்று சொல்லும் வேலையை அவன் எடுத்துக்கொண்டிருக்கிறான். கெட்டிக்காரப் பயல்.

அந்தக் கட்டடம் இன்று இல்லை. செல்போன் கடை நிற்கிறது. எனக்குச் சொந்தமாக ஆபீஸ், அறைக்கு அறை ஏசி. நான் எதைச் சொன்னாலும் "சரிங்க." குளிரைக் கூட்டி வைத்தால் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு வந்து "சரிங்க" என்கிறார்கள்.

டீக்கடையிலிருந்து இறங்கியவன் நேரே ஆத்தூருக்குப் பஸ் ஏறினேன். ரஹீம் சின்னதாக ஓர் அரிசி ஆலை வைத்திருக்கிறான். மூட்டைகளை வாசலோரம் அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். கணக்குப் பார்க்கும் அவன் மகள் உள்ளேயிருந்தே சொன்னாள், "அதெல்லாம் முடியாது அத்தா. சாரல் அடிக்கும்."

ரஹீம் மறுபேச்சுப் பேசாமல் வேறு இடம் காட்டினான். அந்தப் பெண் நிமிரக்கூட இல்லை. எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல.